யாரைப் பார்த்துக் குனிந்தாள்?

அத்தியாயம் 11

"அக்கா, இங்க பாருங்க. இந்தப் பொண்ணு யாருமே இல்லாத இடத்துல மரியாதை பண்ணுது."

தித்திசாரியின் உதவியாளன் ஜுமெனோ வறுத்த கடலையின் தோலை ஊதிவிட்டுத் திரையைக் காட்டினான். துப்பறியும் தொழில் செய்யும் தித்திசாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

கறுப்புத் திரையில் பதினேழு வெள்ளைப் புள்ளிகள். தலைக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முட்டிக்கு இரண்டு என்று கணக்கு. புள்ளிகள் சுழன்றன, தாவின, நின்றன. அந்தப் புள்ளிகள்தான் ஆட்டக்காரி விகாதி. சென்சார் தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு அவள் ஆடினால், இடுப்பில் இருக்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி அவளுடைய அசைவை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். முகம் வராது. சுவர் வராது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரும் வரமாட்டார்.

"எத்தனை மணி இது?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தாறு."

தித்திசாரி நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு, இதே ஜாவா நடனக்கூடத்தில், வெளியூர் விழாக்காரர்களுக்கு முன்னால் விகாதி ஒத்திகை ஆடினாள். கூடம் முழுக்க இருட்டு. ஐந்தடி உயர மேடை. விளிம்பு எங்கே என்று காட்ட, மேலே தொங்கும் புரொஜெக்டர் ஒரு வெள்ளைக் கோட்டை விழவைக்கும். இருட்டில் ஆடுகிறவளுக்கு அந்தக் கோடுதான் கண். அன்றைக்குக் கோட்டின் ஒரு முனை மேடையைத் தாண்டி ஒரு சாண் வெளியே போயிருந்தது. விகாதி கோட்டை நம்பிக் காலை வைத்தாள். அங்கே பலகை இல்லை. இடுப்பெலும்பில் விரிசல், முட்டியில் தசைநார் கிழிந்துவிட்டது. இனிமேல் ஆடுவாளா என்று டாக்டர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

கோடு நகர்ந்தது நாலு முப்பத்தேழுக்கு. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. நகர்த்தியவர் பெயர் என்ற இடத்தில் தாமர் என்று இருந்தது. தாமர்தான் இந்தக் கூடத்தின் வெளிச்சக்காரன், இருபத்தாறு வயது. விபத்துக்கு முதல் நாள்தான் விகாதி எல்லோர் முன்னாலும் "உன் லைட்டு குடிச்சிட்டு வந்திருக்கா?" என்று கேட்டிருந்தாள். அவனும் சும்மா இருக்கவில்லை. "ஒருநாள் இருட்டுல விழுந்தா தெரியும் என் வெளிச்சத்தோட அருமை" என்று சொல்லித் தொலைத்திருந்தான்.

அந்த நேரத்தில் எங்கே போனாய் என்று தித்திசாரி கேட்டபோது, முனையில் நிற்கும் வண்டியில் கோழி நூடுல்ஸ் சாப்பிடப் போனேன் என்றான். செவ்வாய்க்கிழமை வண்டியே வரவில்லை, வண்டிக்காரர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். இதைக் கண்டுபிடித்த நிமிஷம் தித்திசாரிக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸுக்கு அவளே போன் செய்து பெயரைச் சொன்னாள். ஜீப்பில் ஏறும்போது தாமர் அவளைப் பார்த்து, "அக்கா, நான் பொய் சொன்னது நெசம். ஆனா கோட்டத் தொடல" என்றான். பொய்யன் எவனும் தன் பொய்யை இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்கமாட்டான். ஜீப் கிளம்பிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை மூன்று மணிக்குக் கோப்பு அரசு வக்கீலிடம் போகிறது. போய்விட்டால் தாமரைச் சிறைக்கு மாற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பையில் போட்டுக் கொடுத்த விகாதியின் உடுப்பில் அந்தச் சின்னப் பெட்டி இருப்பதை ஜுமெனோ நேற்று பார்த்திராவிட்டால், இவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. விகாதி அன்று ஒத்திகைக்கு முன்னால் தனியாக ஆடிப் பழகியிருக்கிறாள். "கூடத்துல யாரும் இல்லக்கா" என்று சொல்லியும் இருந்தாள்.

"திருப்பிப் போடு."

புள்ளிகள் ஆடுவதை நிறுத்தின. சுவரோரம் நடந்தன. திடீரென்று உடம்பு முன்னால் வளைந்தது. வலது கை தாழ்ந்து முன்னே நீண்டது. ஏழு சின்ன அடி. பிறகு நிமிர்ந்தது.

"இது ஆட்டத்துல இருக்கா?"

"இல்லக்கா. தண்ணிப் பானைக்குப் போற வழி. நான் சொல்றேன், பானைக்குத்தான் மரியாதை."

"வாயை மூடு. உங்கம்மா உக்காந்திருக்க, அவங்க முன்னால நீ கடந்து போனா எப்படிப் போவ?"

ஜுமெனோ எழுந்து, ஒரு கையைத் தாழ நீட்டி, "நுவுன் செவு, நுவுன் செவு" என்று மன்னிப்புக் கேட்டு வழி கேட்கும் வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டு குனிந்தபடி நடந்தான். பாதி வழியில் நின்றான். வாயில் இருந்த கடலையை மெல்ல மறந்துபோனான்.

"யாரோ உக்காந்திருந்திருக்காங்க!"

"எந்த இடத்துல?"

புள்ளிகள் வளைந்த இடத்தை ஜுமெனோ அடி வைத்து அளந்தான். தாமரின் கம்ப்யூட்டர் இருக்கும் குட்டை மேஜைக்கு நேர் முன்னால் வந்து நின்றான்.

"அப்ப தாமர்தான்க்கா. அவன் மேஜை, அவன் கம்ப்யூட்டர்."

"விகாதி தாமரை எப்படிக் கூப்பிடுவா?"

"'டேய் தடியா'ன்னு."

"அந்தத் தடியனுக்கு இவ இப்படிக் குனிஞ்சு போவாளா?"

"இவ குனிஞ்சா அவன் பேயடிச்ச மாதிரி ஓடியிருப்பான்."

அவ்வளவுதான். இரண்டு நாளாக அவள் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது இப்போது பெயரோடு வந்து உட்கார்ந்தது. நிரபராதி ஒருவனை நான் உள்ளே தள்ளியிருக்கிறேன். தித்திசாரி வாய்விட்டே சொன்னாள், "தப்புப் பண்ணிட்டேன் ஜுமெனோ."

"கம்ப்யூட்டர்ல அவன் பேருதான இருந்துச்சு?"

"காலையில திறந்து வச்சா ராத்திரிதான் மூடுவான். யார் தொட்டாலும் அவன் பேருதான் விழும். அந்த முட்டாளுக்கு யார் மேலயும் சந்தேகமே கிடையாது. சரி, தலைப் புள்ளி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாரு."

"நிமிந்து நடக்கறப்ப நூத்தி ஐம்பத்தெட்டு செண்டிமீட்டர். குனியறப்ப நூத்தி மூணு."

"விகாதி அரண்மனைத் தெருவுல வளந்தவ. உக்காந்திருக்கிறவங்க தலைக்கு மேல தன் தலை போகவிடமாட்டா. தேவைக்கு மேல குனிஞ்சு நாடகமும் ஆடமாட்டா. புரியுதா?"

"நூத்தி மூணு செண்டிமீட்டர்ல ஒரு தலை இருந்திருக்கு. அக்கா, ஆளையே காணோம், தலையோட உயரத்தை மட்டும் புடிச்சிட்டீங்களே!"

"பாயில உக்காரு."

உட்கார்ந்தான். அவள் டேப் வைத்து அளந்தாள். எண்பத்திரண்டு. நாற்காலியில் உட்காரவைத்தாள். நூற்று இருபத்தெட்டு. இரண்டும் இல்லை. பாய்க்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு உயரம் வேண்டும். ஜுமெனோவின் கண் சுவரோரம் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

சுவரோரம், இந்தக் கூடத்தை நடத்தும் நடன ஆசிரியை பங்கெஸ்தியின் குட்டை முக்காலி இருந்தது. முதுகுத்தண்டு வட்டு விலகியதிலிருந்து அந்த அம்மாளால் தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களின் பாதம் கண்ணுக்குத் தெரியாது என்று இந்த முக்காலியைச் செய்யச் சொன்னாள்.

"அதுல உக்காரு ஜுமெனோ."

"வேணாங்க்கா."

"அளக்கணும்."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டான். கால்களை அகட்டினான். உட்காருவதுபோல் இறங்கி, பலகைக்கு நாலு விரல் மேலேயே தொங்கி நின்றான். தொடை நடுங்கியது.

"முழுசா உக்காருடா!"

"என்னைக் கொன்னு போட்டாலும் முடியாது. அது பங்கெஸ்தி அம்மா முக்காலி. உங்களால உக்கார முடியுமா, சொல்லுங்க?"

முடியாது. இந்தக் கூடத்தில் யாராலும் முடியாது. நாலு விரலைக் கழித்து அவள் அளந்தாள். நூற்று நாலு வந்தது. ஆனால் அந்த எண் இனித் தேவையே இல்லை. அந்த முக்காலியில் உட்கார இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் மனசு வரும்.

ஜுமெனோ எழுந்து தொடையைத் தேய்த்துக்கொண்டான். அவனுக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. "நாலு முப்பத்தேழுக்கு எங்க இருந்தேன்னு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"மழுப்பிட்டாங்களா?"

"நான் கேக்கல."

பன்னிரண்டு பேரை அவள் கேட்டிருந்தாள். கூட்டிப் பெருக்குகிறவரை, பூக்கொடுத்தவரை, விழாவுக்கு வந்த ஹாலந்துக்காரரைக்கூட. பங்கெஸ்தியின் முன்னால் மட்டும் நோட்டுப் புத்தகம் பையிலேயே இருந்துவிட்டது. பெண்ணுக்கென்ன துப்பறியும் வேலை என்று ஊரே சிரித்த காலத்தில், தன் வீட்டு முன்னறையைக் கொடுத்து முதல் கேஸையும் கொடுத்தவள் பங்கெஸ்தி. விபத்துக்கு மறுநாள் காலை தித்திசாரியை வரவழைத்து, "உண்மை வெளிய வரணும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். அவளிடம் போய், செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஜாவாவில் இதற்குப் பெக்கேவு என்று பெயர். பெரியவர்களைக் கேட்கவும் வாய் வராது, அவர்களுக்கு எதிரில் சொல்லவும் வாய் வராது. ஊருக்கெல்லாம் அது பணிவு, துப்பறிகிறவளுக்கு அது லஞ்சம் வாங்குவதைப் போலத்தான்.

*

ஆஸ்பத்திரியில் விகாதி காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். ஜுமெனோ பயறு இனிப்புப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தான்.

"சூடா வாங்கினேன். ஒண்ணு குறையும், வழியில சுங்கவரி."

அவள் சிரிக்க முயன்றாள். தித்திசாரி சுற்றி வளைக்கவில்லை.

"விகாதி, நாலு முப்பத்தாறுக்கு நீ யாரைப் பாத்துக் குனிஞ்ச?"

"யாரையும் இல்லக்கா."

"உன் உடுப்புல எல்லாம் இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு, "நான்தான் கோட்டை நகத்தினேன். கோணலா இருந்துச்சு, சரி பண்ணப் போனேன். யாரும் காரணம் இல்ல. எழுதிக்கங்க. தாமரை விட்டுடச் சொல்லுங்க" என்றாள்.

ஜுமெனோ பெருமூச்சு விட்டான். "தங்கச்சி, ஆடத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குப் பொய் சொல்லத் தெரியல. நாலு முப்பத்தேழுக்கு உன் ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கு. கெண்டியைத் தூக்கித் தண்ணி குடிச்சிட்டிருக்க. மூக்காலயா கம்ப்யூட்டரைத் தட்டின?"

விகாதி போர்வையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

"அம்மா தாமர் மேஜையில ஏதோ தட்டிட்டிருந்தாங்க. எதையாவது மாத்துறீங்களாம்மான்னு கேக்கணும்னு தோணுச்சு. தோணுச்சுக்கா! எப்படிக் கேக்கறது? குனிஞ்சு தாண்டிப் போயிட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தா என் காலும் போயிருக்காது, தாமரும் உள்ள போயிருக்க மாட்டான். அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சும் வாய் வரல. அவங்க வேணும்னு பண்ணலக்கா. அவங்க பேரைச் சொல்லாதீங்க."

தித்திசாரி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். திட்டுவதற்கு அவளுக்கு யோக்கியதை இல்லை. இந்தப் பெண் கேட்காமல் விட்டது ஒரு வார்த்தை. நான் கேட்காமல் விட்டதும் அதே வார்த்தைதான், அதுவும் கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு.

*

வெளியே ஜுமெனோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். மணி பன்னிரண்டே கால்.

"அக்கா, நேரா போலீஸுக்குப் போயிடலாமா? புள்ளியைக் காட்டுவோம், முக்காலியைக் காட்டுவோம்."

"பங்கெஸ்தி அம்மா வீட்டுக்குப் போ."

"உங்களால கேக்க முடியுமா?"

"முடியலன்னா இந்தத் தொழிலை விட்டுட்டு உன் வண்டிக்குப் பின்னால கடலை விப்பேன். ஓட்டு."

பங்கெஸ்தி கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் தனியாக இருந்தாள். விகாதியின் நாடக உடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாம்மா தித்தி. இஞ்சித்தண்ணி போடறேன்."

"வேணாம்மா."

பங்கெஸ்தி நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் தித்திசாரி வேண்டாம் என்று சொன்னது கிடையாது. பையிலிருந்து நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. பேனா மூடியைக் கழற்றினாள். ஜுமெனோ வாசல் படியில் நின்று, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தேழுக்கு நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

கேட்டுவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. பங்கெஸ்தி மெல்ல உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயமோ கோபமோ வரும் என்று தித்திசாரி எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி. அதைப் பார்த்ததும் தித்திசாரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தாமர் மேஜையில இருந்தேன். விருந்தாளிங்க நாற்காலியில உக்காந்து பாத்தா கோடு கோணலா தெரிஞ்சது. அம்புக்குறிப் பொத்தானை நாலு தட்டுத் தட்டினேன். நேராச்சு. கண்ணுக்கு அழகா இருந்துச்சு. அவன் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள விருந்தாளிங்க வந்துட்டாங்க, பூ, போட்டோ, பேச்சு... மறந்துட்டேன் தித்தி. அந்தப் பொண்ணு காலை நான் அழகுக்காக உடைச்சிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு பையன் லாக்கப்புல கிடக்கான்."

"சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். எல்லாரும் என் முன்னால குனிஞ்சு நிக்கறாங்க. 'நீங்க மனசு விடாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்'ங்கறாங்க. அந்த முகங்களைப் பாத்து நானா எப்படிச் சொல்வேன்? யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல. இந்த ஊர்ல என்னைக் கேக்க யாருக்குத் தைரியம் வரும்னு யோசிச்சேன்."

அவள் தித்திசாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஜுமெனோ படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மறுநாள் காலையில நீ வந்தே. எல்லாரையும் வரிசையா கேட்டே. அடுத்தது நான்தான்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். நீ என் முன்னால வந்து, நோட்டைப் பையில போட்டுட்டு, 'சாப்பிட்டீங்களாம்மா'ன்னு கேட்டே."

தித்திசாரிக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வியைத் தன் நல்ல குணம் என்று அவள் அன்றைக்கு நினைத்திருந்தாள். இப்போது எழுத வேண்டிய வரி கண்ணில் நீர் நிறைந்து மங்கியது. துடைத்துக்கொண்டு எழுதினாள்.

"கிளம்புங்கம்மா. மூணு மணிக்குள்ள போகணும்."

*

காவல் நிலையத்தில் பங்கெஸ்தி உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாளாம். நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம். இரண்டே முக்காலுக்குக் கோப்பைப் பிரித்து, தாமரின் பெயர் இருந்த தாளை உருவினார்கள்.

தாமர் வெளியே வந்தான். கையில் செருப்பும் பெல்ட்டும் போட்ட பிளாஸ்டிக் பை. தாடி முளைத்திருந்தது. தித்திசாரி முன்னால் போய் நின்றாள்.

"தாமர், நான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு. முழுக்க என் தப்பு."

அவன் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தான். "நூடுல்ஸ் சாப்பிடப் போகலக்கா. சோலோ ரோட்டுல வேற கூடத்துல வேலை கேக்கப் போயிருந்தேன். நீங்க கேட்டப்ப பங்கெஸ்தி அம்மா பக்கத்துல நின்னாங்க. அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது?"

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே?"

"தனியா எப்பக்கா கேட்டீங்க?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த நேரத்துல எங்க இருந்தேன்னு எங்கிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒன்பது."

"அவங்ககிட்ட?"

ஜுமெனோ வழக்கம்போல எதையாவது சொல்லி இந்த நிமிஷத்தைக் கரையேற்றிவிடுவான் என்று தித்திசாரி பக்கத்தில் பார்த்தாள். அவன் ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஒரு தடவை," என்றாள். "இன்னைக்கு மத்தியானம்."

தாமர் தலையாட்டினான். ஜுமெனோ நீட்டிய ஹெல்மெட்டை அவன் வாங்கவில்லை.

"நான் விகாதியைப் பாக்கப் போறேன். நடந்தே போயிக்கறேன்," என்றான். இரண்டடி போய்த் திரும்பினான். "நீங்க வர வேணாங்க்கா."